மூணாம் மூட்டை

நாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். புதுக்கோட்டையில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரி செவந்திக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. அதில் சரிபாதியை, இரண்டாயிரத்து நானூற்று முப்பதை, வாங்கின கையோடு செவந்தி இருளாயிக்குத் தர வேண்டும். கல்லூரிக்காரர்கள் செவந்தியை மறந்துவிடலாம், அது அவர்களுக்குச் சௌகரியம். இருளாயி மறக்கிற ரகம் இல்லை. நூறுநாள் வேலையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கும்போதும், ரேஷன் கடை வரிசையில் பையை இடுக்கிக்கொண்டு நிற்கும்போதும், நாலு பேர் காதில் விழுகிற மாதிரிக் கேட்பாள்.

“என்னாடி செவந்தி, ஒன் காலேசுக்காரவுக காசு அச்சடிச்சு முடிச்சுட்டாகளா?”

பதினாலு மாசம் கேட்டாள். செவந்தி பதினாலு மாசமும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

எல்லாம் ஒரு இலையால் வந்தது. பேய்மிரட்டி இலை. கறம்பக்குடிப் பக்கத்தில் மழை பெய்து நின்றால், ரோட்டோரம், கண்மாய்க் கரை, வேலி ஓரம் என்று கேட்பாரில்லாமல் முளைத்து நிற்கிற செடி. சாம்பல் பூத்த மாதிரிப் பச்சை, தொட்டால் பூனைக் காது மாதிரி மெத்தென்று இருக்கும், ஊதாப் பூ பூக்கும். கசக்கினால் வாடை மூக்கில் ஏறி மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆடு மாடு வாய் வைக்காது. கைப்பிள்ளைக்கு வயிறு உப்பிக்கொண்டு அழுதால், ரெண்டு இலையை வதக்கிப் பிழிந்து தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அதோடு சரி. அதைப் பறித்து விற்கலாம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

போன வருஷத் தை மாசம், சத்யபிரியா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இருபத்தாறு வயசு இருக்கும். கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணுகிறாள், பேய்மிரட்டி இலையில் என்ன சத்து இருக்கிறது என்று பார்க்கப்போகிறாள். நல்ல பிள்ளை, நீட்டின சொம்புத் தண்ணீரை முகம் சுளிக்காமல் வாங்கிக் குடித்தது. அவளுக்கு மூன்று மூட்டை வேண்டும். ஒன்று கண்மாய்க் கரையில் பறித்தது, ஒன்று தைலமரக் காட்டில் பறித்தது, மூணாவது பாறைப் பொறம்போக்கில் பறித்தது. ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. மொட்டு விடுகிறதுக்கு முன்னால் பறிக்க வேண்டும். வெயிலில் போட்டால் சத்துப் போய்விடும், நிழலில் காய வேண்டும். காய்ந்த இலை மூட்டைக்குப் பத்துக் கிலோ, கிலோவுக்கு நூற்று எண்பது ரூபாய். மொத்தம் ஐயாயிரத்து நானூறு.

ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. செவந்தி இருளாயியைக் கூப்பிட்டாள். இருளாயி அவள் புருசன் குழந்தைசாமிக்குப் பெரியப்பா மகள், மதினி முறை. சம்பளக்காரர்களை நம்பி வேலைக்குப் போனால் காலம் பூராவும் அலைய வேண்டியிருக்கும் என்று இருளாயி முதலிலேயே சொன்னாள். காசுக்கு நான் பொறுப்பு என்று செவந்தி சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு அவள் கழுத்தில் கட்டின கல் ஆனது.

பத்து நாள் பறித்தார்கள். கண்மாய்க் கரை மூட்டை நிறைந்தது. தைலமரக் காட்டு மூட்டையும் நிறைந்தது. பாறைப் பொறம்போக்குதான் காலை வாரிவிட்டது. பக்கத்தில் கல் உடைக்கிற கிரஷர் ஓடுகிற இடம். இருந்த செடியெல்லாம் வெள்ளைத் தூசி அப்பி, சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றது. உதறி உதறிப் பறித்தும் காய்ந்த இலை ஆறு கிலோவுக்கு மேல் தேறவில்லை. சத்யபிரியா வருவதாகச் சொன்ன தேதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

படித்தவர்களாக இருந்தால், ஆறு கிலோதான் கிடைத்தது என்று சொல்லி ஆறு கிலோவைக் கொடுத்திருப்பார்கள். செவந்திக்கு அது வராது. அவளுக்குப் பத்தொன்பது வயசில் கடலை ஆயப் போன இடத்தில், மூட்டை ஒரு படி குறைந்தது என்று நிலத்துக்காரர் அவள் சாக்கைக் களத்து நடுவில் கொட்டச் சொல்லி, எல்லாரும் பார்க்க மறுபடி அளக்கவிட்டு, அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருஷம் அவள் கட்டின எந்த மூட்டையும் குறைந்ததில்லை. கடலையோ, மிளகாயோ, புளியோ, மூட்டை என்றால் வாய் வரைக்கும் நிறைந்திருக்க வேண்டும். குறைமூட்டை கட்டுகிறவள் திருடி. கூலிக்காரிகளுக்குள் அதுதான் சட்டம். எதை வைத்து நிரப்பினாய் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

ஊருக்கு வடக்கே, கோழிப் பண்ணைகளுக்குப் பின்னால், கிராவல் அள்ளிவிட்டுப் போன பள்ளம் ஒன்று இருக்கிறது. கோழிப் பள்ளம் என்பார்கள். அந்த இடம் வந்தால் பஸ்ஸில் ஜன்னல் எல்லாம் ஒரே நேரத்தில் சாத்தப்படும். பண்ணையில் செத்த கோழி அங்கேதான் போகும். கறிக்கடைகளில் இருந்து சாக்கில் கட்டி வருகிற இறகும் குடலும் அங்கேதான். விடிகாலையில் செப்டிக் டேங்க் லாரி பின்பக்கமாக வந்து நின்று, குழாயைப் பள்ளத்துக்குள் நீட்டி, வயிற்றைக் காலி பண்ணிவிட்டுப் போகும். அவ்வப்போது யாராவது எல்லாவற்றுக்கும் தீ வைப்பார்கள். இறகு பொசுங்குகிற நாற்றம் மூன்று நாளைக்கு ஊரைவிட்டுப் போகாது.

அந்தப் பள்ளத்துச் சரிவில் பேய்மிரட்டி தோள் உயரத்துக்கு நின்றது.

இருளாயி மேட்டிலேயே நின்றுவிட்டாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, “நான் எறங்க மாட்டேன் ஆத்தா. நீ வேணும்னா எறங்கு. வீட்டுக்கு வந்தா வாசல்லயே குளிச்சிட்டு வா” என்றாள்.

செவந்தி இறங்கினாள். கால் வைத்த இடமெல்லாம் பொதபொதவென்று உள்வாங்கியது. மண்ணா, ஊறின இறகா என்று குனிந்து பார்க்க அவள் துணியவில்லை. செடியின் தூரில் புழு நெளிந்தது. அவள் ஒரு கிளையை வளைத்தபோது, அதில் மாட்டியிருந்த குடல் துண்டு ஒன்று ஈரத்தோடு அவள் முழங்கையில் விழுந்து ஒட்டியது. அதை உதறிவிட்டு, வந்த வாந்தியை விழுங்கிக்கொண்டு, பறித்தாள். மூன்று நாள், விடிந்ததும் போய்ப் பறித்தாள். பறித்ததை அடிகுழாயில் மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். நிழல் வேண்டுமே என்று வீட்டுக்குள் சாக்கை விரித்துக் காயப் போட்டாள். அந்த நாலைந்து நாளும் குழந்தைசாமி தட்டை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றுதான் சாப்பிட்டான். சோற்றில் வாடை அடிக்கிறது என்றான். சோற்றில் இல்லை, செவந்தியின் கையில்தான். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், நகக்கண்ணில் இருந்து அது போகவே இல்லை.

சத்யபிரியா குட்டி யானை வண்டியோடு வந்து மூட்டைகளைத் தூக்குத் தராசில் மாட்டினாள். முப்பது கிலோ, முள் நடுவில் நின்றது. அந்தப் பிள்ளை முகம் மலர்ந்து போனது. ஐந்நூற்று நாற்பது ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, மீதி பில் பாஸானதும் பத்து நாளில் வந்துவிடும் அக்கா என்றாள். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு இருநூற்று எழுபது. மீதிக்குத்தான் இந்த நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.

பத்து நாள் போனது, பத்து வாரம் போனது. போன் அடித்தால் சத்யபிரியா எடுப்பாள், சார் கையெழுத்துப் போடணும் அக்கா என்பாள். கொஞ்ச நாளில் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். ஆடி மாசம் ஒரு நாள் செவந்தி வேலைக்குப் போகாமல் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனாள். வாட்ச்மேனிடம் மூன்று தடவை விவரம் சொல்லி, மாடி ஏறி, சத்யபிரியா வேலை பார்க்கிற அறையைக் கண்டுபிடித்தாள்.

அவளைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. உட்காரச் சொன்னாள். காசைப் பற்றிப் பேச அவளிடம் ஒன்றும் இல்லை. அதனால் வேறு ஒன்றைக் காட்டினாள். சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள், அதில் நாவல்பழச் சாறு மாதிரி ஊதாத் தண்ணீர். கண்மாய்க் கரை இலையின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஊதா மெதுவாக மங்கியது. தைலமரக் காட்டு இலைக்கு இன்னும் கொஞ்சம் மங்கியது. மூணாம் மூட்டைச் சாறு விழுந்ததும் ஊதா இருந்த இடம் தெரியாமல் போய், தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது.

“பாத்தீங்களாக்கா. ஒங்க மூணாம் மூட்டைதான். இந்தக் கலர் எவ்வளவு வேகமா வெளுக்குதோ, அவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் இருக்குன்னு அர்த்தம். ஒடம்புல துரு ஏறாமப் பாத்துக்கிற சத்துன்னு வச்சுக்கங்களேன்.”

அது எதனால் என்று செவந்தி கேட்டாள். இலையில் இருக்கிற பீனாலிக் பொருள்களால் என்று சத்யபிரியா சொன்னாள். நாக்கில் துவர்க்குமே, பெரும்பாலும் அந்த ஜாதிதான். ஆவாரம்பட்டை வெட்டினால் அரிவாள் கறுத்துப் போகுமே, அதுவா என்று செவந்தி கேட்டாள். அதேதான் என்று அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டது. செடி சொகுசாக இருந்தால் அதை அவ்வளவாகச் சுரக்காது, வெயிலோ உப்போ விஷமோ புழுவோ போட்டுப் படுத்தினால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறையச் சுரக்கும், பாறையில் தண்ணீர் இல்லாமல் கஷ்டப்பட்ட செடி பாருங்கள் என்றாள்.

கஷ்டப்பட்டால் சத்து ஊறும் என்றால், என்னை இடித்துப் பிழிந்தால் இந்த ஊருக்கே மருந்தாகுமே என்று செவந்தி நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மூட்டையில் நாலு கிலோ பாறையில் விளைந்தது இல்லை.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். சொன்னால் காசு போனாலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை கண்ணாடிக் குழாயைக் குழந்தை மாதிரிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. செவந்தி சொல்லிவிட்டாள். பள்ளத்தை, கோழியை, லாரியை, மூன்று தண்ணீர் விட்டு அலசினதை, எல்லாவற்றையும் சொன்னாள். நாலு கிலோவுக்குக் காசைக் கழித்துக்கொள்ளச் சொன்னாள்.

சத்யபிரியா குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கையை இரண்டு தடவை கழுவினாள். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வெற்றிசெல்வன் சாரிடம் போனாள். அவர்தான் அவளுக்கு மேலே இருக்கிற பேராசிரியர், பில்லுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். செவந்தி எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, அந்தப் பள்ளத்தில் இன்னும் எவ்வளவு தேறும் என்று கேட்டார்.

செவந்திக்கு முதலில் புரியவில்லை.

“நாப்பது கிலோ வேணும்மா. அதே எடத்துல. இதுல டீத்தூள் போடப் போறோம். டெஸ்ட்ல நம்பர் இவ்வளவு நல்லா வேற எங்கயும் வரல.”

சத்யபிரியா மெல்லிய குரலில், அந்த இடத்து இலையில் ஈயம், கோழிக்குப் போட்ட மருந்து எல்லாம் ஏறியிருக்கும், முதலில் அதைப் பரிசோதனை பண்ண வேண்டும் என்றாள். அதற்குத் தனியாகச் செலவாகும் என்றார் சார். காய வைத்து, கொதிக்கிற தண்ணீரில்தானே போடுகிறார்கள், கொதித்தால் எது நிற்கும் என்றார். ஈயம் கொதித்தால் போகாது சார் என்று அந்தப் பிள்ளை சொல்ல ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அது பாதியில் வாயை மூடிக்கொண்டது. அவள் படிப்பு முடிகிற கையெழுத்தும் அவர் பேனாவில்தான் இருந்தது.

“டீத்தூள்னா, மனுசன் குடிக்கிறதுக்குங்களா சார்?” என்று செவந்தி கேட்டாள்.

“வேற யாரு குடிப்பா?”

“அப்ப நான் பறிக்க மாட்டேங்க.”

அவர் கோபப்படவில்லை. சரிம்மா, பழைய பில்லையும் பார்த்துச் செய்யலாம் என்றார். அந்தப் பில் அன்றைக்குத் தூங்கினது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்கு வந்து இருளாயியிடம் நடந்ததைச் சொன்னாள். நீ எதற்கு வாயைத் திறந்தாய், உண்மை பேசினதுக்கு யார் உனக்கு மாலை போட்டார்கள் என்று இருளாயி ஒரு நாள் முழுக்க ஏசினாள். ரெண்டு வாரம் கழித்துப் பள்ளத்து மேட்டில் ஒரு மினி லாரி நின்றது. ரப்பர் கையுறை போட்ட ஆட்கள் ரெண்டு பேர் சரிவில் இறங்கிப் பறித்துக்கொண்டிருந்தார்கள். செவந்தி பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தாள். எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள், அவள் சாத்தவில்லை. கையுறை போட்டுப் பறிக்கிற இலையை எவளோ ஒருத்தி வெறும் வாயால் குடிக்கப்போகிறாள் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் பங்குனியில் சத்யபிரியாவே போன் பண்ணினாள். பணம் தருகிறார்கள் அக்கா, நேரில் வாங்க என்றாள். குரலில் உயிர் இல்லை. செவந்தி நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கல்லூரியில் ஏதோ விழா. பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாக நாற்காலி. மேஜையில் பச்சைப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய எவர்சில்வர் டிரம்மில் இருந்து காகிதக் கப்பில் பிடித்துப் பிடித்து வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். கதர்ச் சட்டைக்காரர்கள், அதிகாரிகள், பட்டுச் சேலை கட்டின அம்மாக்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்திருந்தாள். அவள் ரெண்டாவது கப் கேட்டு வாங்கினாள்.

செவந்தி கையிலும் ஒரு கப்பைக் கொடுத்தார்கள். அவள் அதைப் பிடித்தபடி நின்றாள். குடல் துண்டு ஒட்டின முழங்கை அவளுக்கு அரித்தது. மேடைக்குப் பக்கத்தில் வெற்றிசெல்வன் சார் உட்கார்ந்திருந்தார். அவர் எதைக் குடிக்கிறார் என்று பார்த்தாள். அவருக்கு மட்டும் பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றினார்கள். செவந்தி கப்பை ஒரு பூச்செடித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அந்தச் செடியைப் பார்த்துச் சங்கடப்பட்டாள்.

அலுவலக அறையில் கிளார்க் ஒரு தாளை நீட்டினார். அந்தத் திட்டத்துக்கு வந்த பணம் போன மார்ச்சோடு காலாவதியாகிவிட்டது, இனி ரொக்கமாகக் கொடுக்க வழி இல்லை, ஆனால் சார் பெரிய மனசு பண்ணி, பாக்கிக்குச் சமமாகச் சரக்காகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். சரக்கு என்றால் அந்தப் பச்சைப் பொட்டலம். ஒன்று நூற்று எண்பது ரூபாய். இருபத்தேழு பொட்டலம், கணக்கு நாலாயிரத்து எண்ணூற்று அறுபதுக்குச் சரியாக வந்தது. இப்படி வருமென்று யாரும் திட்டம் போட்டிருக்க முடியாது. கிளார்க்கே கால்குலேட்டரைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

செவந்தி ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தொன்பது வயசில் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் வாசித்துவிடுவாள். எடை நூறு கிராம் என்று இருந்தது. அவள் கிலோவுக்கு வாங்கின விலைதான் நூறு கிராமுக்குப் போட்டிருந்தது. அதற்குக் கீழே, தூய மலைக்காட்டு மூலிகை, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உகந்தது என்று இருந்தது. அந்த வரியை அவள் மூன்று தடவை வாசித்தாள். தான் தப்பாகக் கூட்டியிருப்போம் என்று நினைத்தாள். தப்பு இல்லை.

வாங்காவிட்டால் இதுவும் இல்லை என்றார் கிளார்க். வெறுங்கையோடு இருளாயி முன்னால் போய் நிற்க முடியாது. கையெழுத்துப் போட்டாள். வாசலில் சத்யபிரியா நின்றாள். கழுத்தில் புது அடையாள அட்டை, உதட்டில் வெடிப்பு.

“நீங்களாவது குடிக்காதீங்கக்கா” என்றாள்.

“நீ குடிச்சியா பாப்பா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். செவந்திக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. குடிக்கிறவர்களிடம் போய்ச் சொல்லாமல் என்னிடம் வந்து ஏன் சொல்கிறாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. தானும் பந்தலில் வாயை மூடிக்கொண்டு நின்றவள்தானே என்று நினைத்ததும், அந்தக் கேள்வி தன் முகத்திலேயே துப்பின மாதிரி இருந்தது. கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குத் திரும்பிப் போனாள். அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைத் தேடினாள். அவள் கார் ஏறிப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் இருளாயி வீட்டு வாசலில் சாக்கை விரித்துப் பொட்டலங்களைக் கொட்டினாள். இருளாயி எண்ணிப் பார்த்தாள். ஆளுக்குப் பதிமூன்று, ஒன்று மிச்சம். காசுக்குப் பதில் சரக்கா என்று கொஞ்ச நேரம் அந்த வெற்றிசெல்வனின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினாள். பிறகு கணக்குப் போட்டாள். கறம்பக்குடிச் சந்தையில் பழனிச்சாமி கடையில் இந்த மாதிரி மூலிகை டப்பாவெல்லாம் வாங்கி அடுக்குகிறான். பொட்டலம் நூற்றைம்பது சொன்னால் எடுத்துக்கொள்வான். முழுசாக வராவிட்டாலும் ரெண்டாயிரம் தேறும்.

“மதினி, அது எந்த எலைன்னு ஒங்களுக்குத் தெரியும்ல” என்றாள் செவந்தி.

“தெரியும். எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். வாங்குறவளுக்கா தெரியப்போவுது? நான் பதினாலு மாசம் காத்திருக்கேன்டி.”

அதை மறுக்கச் செவந்திக்கு உரிமை இல்லை. பள்ளத்தில் இறங்கினவள் அவள். மூட்டை நிறைய வேண்டும் என்று இறங்கினவள். இருளாயி மேட்டில்தான் நின்றாள். வேண்டாம் என்று தடுத்தால், அந்த ரெண்டாயிரத்து நானூற்று முப்பதைத் தன் மடியில் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மடியில் பஸ் காசு போக முப்பது ரூபாய் இருந்தது.

மிச்சம் இருந்த ஒன்றை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. விற்கிறதுக்கு முன்னால் சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று இருளாயி அதைப் பிய்த்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் ஒரு கை அள்ளிப் போட்டாள். ரெண்டு பேரும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பள்ளத்து வாடை கிளம்பும் என்று காத்திருந்தார்கள்.

வாடை வரவில்லை. சுக்கு மணந்தது, ஏலக்காய் மணந்தது, எலுமிச்சைப் புல் மணந்தது. அதற்கு அடியில் எங்கேயோ லேசாகப் பேய்மிரட்டி. தண்ணீர் தேன் நிறத்தில் திரண்டு வந்தது. பக்கத்து வீட்டு மணிமேகலை வேலிக்கு அங்கிட்டு இருந்து, என்ன அயித்தே நல்லா மணக்குது, எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க என்று கேட்டாள். போன மாசம்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பால் கொடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

பள்ளத்துக்குள் நின்றபோது செவந்தி வாந்தியை விழுங்கிவிட்டாள். அங்கே நாற்றம் நாற்றமாக இருந்தது. இது மணந்தது. வேலியோரம் ஓடிப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள்.

இருளாயி அடுப்பில் இருந்து விறகை வெளியே இழுத்தாள். பிறகு மணிமேகலையைப் பார்த்து, இது குடிக்கிறது இல்லத்தா, சேலைக்குச் சாயம் போடுறது, நீ உள்ள போ என்றாள். பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, வாசலுக்கு வெளியே தள்ளிப் போய்க் கொட்டினாள். பாத்திரத்தையும் அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“நாறிச்சுன்னா வித்துருப்பேன்டி” என்றாள். “நாறுனா வாங்குறவ மோந்து பாத்துட்டு எறிஞ்சிருவா. இது மணக்குதுல்ல. இதக் குடிச்சிருவா.”

ரெண்டு பேரும் இருபத்தாறு பொட்டலத்தையும், பிய்த்ததில் மிச்சம் இருந்ததையும் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். முழுப் பொட்டலமாகப் போட்டால் குப்பை பொறுக்குகிறவர்கள் எடுத்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள் என்று செவந்தி சொன்னாள். அதனால் பள்ளத்து மேட்டில் நின்று, ஒவ்வொன்றாக அரிவாளால் கிழித்துக் கொட்டினார்கள். பள்ளத்தில் பறித்தது பள்ளத்துக்குள் தூளாக இறங்கியது. காற்று எதிர்த்து அடித்தபோது கொஞ்சம் முகத்திலும் படிந்தது. ரெண்டு பேரும் துப்பிக்கொண்டே இருந்தார்கள். சரிவில், வெட்டின தூரில் இருந்து பேய்மிரட்டி மறுபடி முழங்கால் உயரம் துளிர்த்து நின்றது. இலை முன்னைவிட அகலம். தூரத்தில் மினி லாரியின் டயர்த் தடம் புதுசாக இருந்தது.

கடைசிப் பொட்டலத்தை இருளாயி கிழித்தாள். காலி உறையைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கையை மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“ரெண்டாயிரத்து நானூத்தி முப்பது” என்றாள். “அதுவும் உள்ள விழுந்துருச்சு. இனிமே ஒன்ட்டக் கேக்க மாட்டேன். கைய கழுவிட்டு வா, போவோம்.”